மூன்றாம் மதகுக் கோப்பு

சித்தன்கரணை ஏரிக் கோப்பை வருஷம் மாற்றி வைத்தது நான்தான். அங்கேதான் எல்லாம் கெட்டது.

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். காபி கீபி கிடையாது, வீட்டில் நான் ஒருத்தன்தான். தண்ணீர் வேண்டுமானால் பானையில் இருக்கிறது.

காகிதத்தைக் கொடுங்கள். ம். "தாங்கள் கோரிய ஆவணம் இவ்வலுவலகத்தில் தேடிப் பார்த்ததில் கிடைக்கப்பெறவில்லை எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது." ஓர் எழுத்து மாறவில்லை. நான் எழுதி வைத்த வாசகம் இது. ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் அதையே அடித்து அனுப்பிக்கொண்டிருக்கிறான்கள். சோம்பேறிகள்.

உங்கள் ஊர் ஏரியைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் எங்கள் ஏரி. நடுவில் கேள்வி கேட்காதீர்கள். கேட்டால் எனக்கு வரிசை தப்பிவிடும்.

தணிகாசலம் என்று என்னைப் பற்றி யாரோ சொல்லித்தானே வந்தீர்கள்? பாசனக் கோட்ட அலுவலகத்தில் பதிவறை எழுத்தர் என்றும் சொல்லியிருப்பார்கள். முப்பத்துநாலு வருஷம். நாற்பத்தோரு ஏரியின் காகிதமும் என் அறையில்தான் இருந்தது. வேலை முடிந்த கோப்புகளைக் கட்டாகக் கட்டி, வருஷம் எழுதி, அலமாரியில் ஏற்ற வேண்டும். கேட்டால் எடுத்துத் தர வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் ஆயுசு உண்டு. மூன்று வருஷக் கட்டு, பத்து வருஷக் கட்டு, நிரந்தரக் கட்டு. ஆயுசு முடிந்தால் பட்டியல் போட்டு அழித்துவிடுவோம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு கோப்பைக்கூட நான் பிரித்துப் படித்ததில்லை. தலைப்பு, எண், வருஷம். அவ்வளவுதான் பார்ப்பேன். உள்ளே என்ன எழுதியிருந்தால் எனக்கென்ன? படிக்கிறவன் ஒரு நாள் வாயைத் திறப்பான். நான் படிக்கவில்லை. அதனால்தான் யாரும் என்னை அந்த அறையை விட்டு மாற்றவில்லை. ஆபீசில் கேட்டுப் பாருங்கள், இப்போதும் எனக்கு நல்ல பெயர்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெருமழை. மழை விட்டதும் ஓர் உதவிப் பொறியாளன் ஏரி ஏரியாக நடந்தான். சின்ன வயசு, துடுக்கு. சித்தன்கரணைக்குப் போய் நாலு நாள் கரையிலேயே கிடந்து ஓர் அறிக்கை எழுதினான். "மூன்றாம் மதகு, கரை நிலை, ஆய்வு." தலைப்பு எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. உள்ளே இருந்தது தெரியாது. சொன்னேனே.

அந்த அறிக்கை வந்த ரெண்டாம் நாள் செயற்பொறியாளர் ஐயா கூப்பிட்டார். பெயர் வேண்டாம், மனுஷன் செத்துப்போய்விட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"தணிகாசலம், இந்தக் கோப்பு இங்க இருக்க வேணாம்."

"கிழிச்சிடட்டுமா ஐயா?"

"அய்யய்யோ, கிழிக்காதய்யா. கிழிச்சா அது குத்தம். இருக்கட்டும். ஆனா கெடைக்கக் கூடாது."

அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவையில்லை. எங்கள் அறையில் அதற்கு ஒரு முறை உண்டு. கோப்பைத் தொலைக்க மாட்டோம். வருஷம் மாற்றி வைப்போம். நாற்பதாயிரம் கோப்பு இருக்கிற இடத்தில் வருஷம் மாறிய கோப்பு இருந்தும் இல்லாத மாதிரிதான். மூன்று வருஷம் பழைய விடுப்பு விண்ணப்பக் கட்டைப் பிரித்தேன். வயிற்றுவலி, மச்சினன் கல்யாணம், பல் பிடுங்கல் என்று ஆள் ஆளுக்கு எழுதிய லீவு லெட்டர்கள். நடுவில் சொருகினேன். கயிறு போட்டேன். முடிந்தது.

ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. மூன்றாம் மாதம் மூன்றாம் மதகுக்குக் கீழே இருந்த நஞ்சை எல்லாம் மனையாக அளந்தார்கள். கொடி கட்டி, கல் நட்டு, வாசலில் வளைவு வைத்தார்கள். எங்கள் ஆபீசிலிருந்து ஆட்சேபணை இல்லை என்று சான்று போனது. அந்த உதவிப் பொறியாளன் சண்டை போட்டுவிட்டு வேலையை உதறி வளைகுடாவுக்குப் போனான். போகும்போது பதிவறை வாசலில் நின்று என்னைப் பார்த்தான். நான் கையிலிருந்த கட்டுக்குக் கயிறு இறுக்கினேன்.

அப்புறம் ஆறு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை.

நான் ஓய்வு பெற ரெண்டு வருஷம் இருக்கும்போது மனுதாரர் வந்தார். ஒரு பெண்பிள்ளை. பெயர் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு, ஆபீசில் எல்லாரும் மனுதாரர்தான். கரைக்குக் கீழே இருக்கிற பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். நாற்பத்தைந்து வயசு இருக்கும். முழங்கை வரை மஞ்சள் கறை. முழுத்தாளில் நாலே வரி, ஓரத்தில் கட்டணத்துக்குப் பத்து ரூபாய் வில்லை. 'சித்திரை மாசத்தில் சமையலறைப் பின்சுவர் நனைகிறது. ஏரிக் கரையைச் சோதித்த அறிக்கை இருந்தால் நகல் தரவும்.'

தகவல் உரிமைச் சட்டப்படி முப்பது நாள். இருபத்தொன்பதாம் நாள் பதில் அனுப்பினேன். கிடைக்கப்பெறவில்லை.

மறுபடி எழுதினார். மறுபடி கிடைக்கப்பெறவில்லை.

நேரிலும் வந்தார். கம்பி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டார்.

"சார், காணோமா, இல்லியா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"அது எப்பிடி சார் ஒண்ணாவும்? எங்க வீட்ல ஆடு காணோம்னா தேடுவோம். இல்லன்னா தேட மாட்டோம். நீங்க தேடுனீங்களா?"

"தேடினோம்."

"எலி தின்னிருக்குமா?"

"திங்கும். பழைய ரூமு."

"எந்த எலி சார்? நாலு காலா, ரெண்டு காலா?"

பின்னால் டைப்பிஸ்ட் சிரித்தது எனக்குக் கேட்டது. ஜன்னலைச் சாத்தினேன். மனுஷனுக்கு மரியாதை தெரிய வேண்டும்.

அதே வருஷம் பத்து வருஷக் கட்டுகளுக்கு அழிப்புப் பட்டியல் வந்தது. அந்த லீவு லெட்டர் கட்டும் அதில் இருந்தது. நடுவில் சொருகியதை நான் மறந்துவிட்டேனா என்று நினைக்கிறீர்களா? மறக்கவில்லை. கட்டைப் பிரித்து எடுத்திருக்கலாம். பிரித்தால் ஏன் பிரித்தாய் என்று கேட்பார்கள். பட்டியல் முறைப்படி வந்தது, முறைப்படி கையெழுத்துப் போட்டேன். மில்லுக்குப் போய் அட்டையாகியிருக்கும்.

ஆகையால் தம்பி, முதல் ரெண்டு மனுவுக்கு நான் எழுதியது பொய். மூன்றாவதிலிருந்து உண்மை. வாசகம் ஒன்றுதான். அதை யாராவது யோசித்துப் பார்த்தார்களா? என்னைப் பொய்யன் என்கிறார்கள்.

மனுதாரர் விடவில்லை. மேல்முறையீடு போனார். அதற்கும் மேலே தகவல் ஆணையத்துக்குப் போனார். விசாரணைக்குச் சென்னை போக வர ரெண்டு நாள் வேலை கெட்டது எனக்கு. ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. கோப்புதான் இல்லை என்கிறீர்களே, மனுதாரர் வந்து பதிவேடுகளைப் பார்வையிடட்டும், ஒரு நாள், காலை பத்தரை முதல் மாலை ஐந்து வரை.

எனக்குச் சிரிப்பு வந்தது. பார்க்கட்டும். மேஜை நிறைய அடுக்கினேன். வருகைப் பதிவேடு, கருவிப் பதிவேடு, வாகனப் பதிவேடு. தூசியில் கண் தெரியாமல் போகட்டும் என்று அடியில் இருந்ததாகப் பார்த்து எடுத்தேன்.

வந்தார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு தூக்குச்சட்டி. அடுக்கியதை ஒரு பார்வை பார்த்தார்.

"இது எதுவும் வேணாம் சார். லெட்டர் வெளிய போனா எழுதுவீங்களே, நம்பர் போட்டு, அந்த நோட்டு எது?"

"அனுப்புகைப் பதிவேடு. அது எதுக்கு உனக்கு?"

"எங்க ஸ்கூல் எச்.எம். ரூம்லயும் ஒண்ணு இருக்கு. அவரு எதத் தொலைச்சாலும் அதப் பாத்துதான் கண்டுபுடிப்பாரு."

எடுத்துக் கொடுத்தேன். நிரந்தரக் கட்டு, அழிக்க முடியாது. அதில் என்ன கிடைக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்து, "சாப்புடுறீங்களா சார், தக்காளி சாதம்" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வாசனை நன்றாகத்தான் இருந்தது. நாலு மணிக்கு ஒரு பக்கத்தில் விரல் நின்றது. நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டார். பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

"கையெழுத்து அழகா இருக்கு சார். யாருது?"

நான் எட்டிப் பார்த்தேன். என் கையெழுத்து.

என்ன நடந்தது என்றால், அந்த அறிக்கை வந்த வாரம் அனுப்புகை எழுத்தனுக்கு அம்மை. அவன் நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். அறிக்கையின் கடைசியில் அந்தத் துடுக்குப் பயல் 'நகல்: தலைமையாசிரியர், நடுநிலைப் பள்ளி, சித்தன்கரணை' என்று போட்டிருந்தான். வந்ததை நான் உறையில் போட்டு, எண் எழுதி, பதிவேட்டில் ஏற்றி, தபாலில் சேர்த்துவிட்டேன். ரெண்டு நாள் கழித்துக் கோப்பை ஒளித்தபோது இது எனக்கு ஞாபகமே வரவில்லை. அது வேறு நாற்காலி. வேறு வேலை. ஆபீசில் உட்கார்ந்தவனுக்குத்தான் இது புரியும், உங்களுக்குப் புரியாது.

பள்ளிக்கூடத்தில் அந்த நேரம் தலைமையாசிரியர் மாறிப் போயிருந்திருக்கிறார். வந்த உறையை யாரோ இரும்பு அலமாரியில் போட்டிருக்கிறார்கள். ஏழு வருஷம் பிரிக்காமலே கிடந்திருக்கிறது. மனுதாரர் போய் எடுத்துவிட்டார்.

எடுத்து என்ன செய்ய? அதை ஜெராக்ஸ் போட்டு எங்கள் ஆபீசுக்கே அனுப்பினார். நடவடிக்கை எடுங்கள் என்று. அப்போது எனக்கு ஓய்வு பெறப் பத்து நாள். அதற்கும் பதில் நான்தான் எழுதினேன். "மூலக் கோப்பு கிடைக்கப்பெறாத நிலையில் தங்கள் நகலின் உண்மைத்தன்மையை உறுதி செய்ய இயலவில்லை." நல்ல வாசகம். புது செயற்பொறியாளர் பாராட்டினார். நகலை அப்போதாவது படித்தீர்களா என்று கேட்க வருகிறீர்கள். இல்லை. எண்ணைப் பார்த்தேன், கையெழுத்தைப் பார்த்தேன், மடித்து வைத்தேன்.

ஓய்வு பெற்றேன். சால்வை போட்டார்கள். பழைய ஐயா அப்போது உயிரோடு இருந்தார், அவர் சொல்லி எனக்கு அந்த மனைப்பிரிவிலேயே நல்ல இடமாகக் கிடைத்தது. முதல் வரிசை. கரையைப் பார்த்த மனை. கொல்லைக் கதவைத் திறந்தால் ஏரிக் காற்று. ரெண்டு அறை வைத்துக் கட்டினேன்.

ஒரு கொய்யா நட்டேன். ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லை, அப்படிக் காய்த்தது. வைகாசியிலும் இலை வாடாது. என்ன மண் என்று பெருமையாக இருந்தது எனக்கு. கொல்லைப் படியில் பாசி பிடித்தது. சமையலறைத் தரை காலையில் வேர்க்கும். புது வீடு, ஈரம் காய நாளாகும் என்று மேஸ்திரி சொன்னான். நாலு வருஷம் காய்ந்துகொண்டிருந்தது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆடியில், படிக்குப் பக்கத்தில் ஒரு கண் திறந்தது. கண் என்றால் ஊற்றுக் கண். சுண்டுவிரல் தடிமன். தெளிந்த தண்ணீர். உள்ளே மணல் குதித்துக்கொண்டே இருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அன்று ராத்திரி தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். ஒரு மனு எழுதினேன். நானும் பத்து ரூபாய் வில்லை ஒட்டினேன். கரை உறுதிச் சான்று ஏதாவது இருந்தால் நகல் தரவும். இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்களே, அதே. முன்னாள் ஊழியன் என்ற மரியாதைகூட இல்லை. தேடிப் பார்த்திருப்பான்களா? எழுந்திருக்கவே மாட்டான்கள். எவ்வளவு பொறுப்பற்றவன்கள் பாருங்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒன்பது நாள். ஏரி பத்தடி தாண்டியது. பத்தாம் நாள் மழை விட்டு வெயில் அடித்தது. பள்ளிக்கூடம் திறந்தார்கள். ஊரே துணி காயப்போட்டது. மேலே இருக்கிற ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர் எங்கள் ஏரிக்கு வந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. வெயிலில் தண்ணீர் ஏறியது. சத்தமே இல்லாமல் ஏறியது. தவளைகூடக் கத்தவில்லை.

பதினொரு மணி இருக்கும். கேட்டில் தட்டும் சத்தம். மனுதாரர். நாலு வருஷம் ஒரே ஊரில் இருந்தும் என் வீட்டு வாசலுக்கு அவர் வந்ததில்லை.

"சார், தண்ணி நெறம் மாறிடுச்சு."

"எந்தத் தண்ணி?"

"சமையக்கட்டுக்குப் பின்னால வர்ற ஊத்து. காலைல தெளிவா இருந்துச்சு. இப்ப செவப்பா வருது. உங்க கொல்லைலயும் பாருங்க."

"ஆபீசுக்குப் போய்ச் சொல்லும்மா. நான் ரிட்டயர்டு ஆளு."

"ஆள் வந்துட்டாங்க சார். சிமென்ட்டு மூட்டையப் போட்டு அடைக்கப் போறாங்க. அடைக்கக் கூடாதுன்னு காகிதத்துல இருக்கு. நான் சொன்னா கேக்க மாட்றாங்க. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

"எனக்கு அதில சம்பந்தம் இல்ல."

அவர் திட்டவில்லை. "புள்ளைங்கள அம்மன் கோயில் மேட்டுக்கு அனுப்பிட்டேன் சார். நூத்திப் பன்னெண்டு புள்ளைங்க. நீங்களும் அங்க போயிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கதவைச் சாத்தினேன். கொல்லைக்குப் போனேன். சுண்டுவிரல் தடிமன் இருந்த கண் இப்போது மணிக்கட்டுத் தடிமன். செம்மண் கரைத்து ஊற்றிய மாதிரி தண்ணீர் பொங்கியது. கொய்யா ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கரையின் மண் என் கொல்லை வழியாகக் கரைந்து போய்க்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். அரை மணி நேரம் இருக்கும். அதைச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லிவிட்டேன்.

பிறகு போனேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கூட்டம். உதவிப் பொறியாளர் ஒரு புது ஆள், முகிலன் என்று பெயர், சேர்ந்து நாலு மாசம். ஜீப். இருபது ஆட்கள், தோளில் சிமென்ட் கலந்த மண் மூட்டை. ஊற்றுக்கு முன்னால் மனுதாரர் கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறார், சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, முழங்கால் வரை சேறு.

"அம்மா, நகருங்க. ஓட்டையை அடைக்கலன்னா கரை போயிடும்."

"அடைச்சாதான் சார் போவும். வாயப் பொத்தினா பக்கத்துல பிச்சுக்கிட்டு வரும்னு எழுதியிருக்கு. ரெண்டாம் மதகத் தொறந்து தண்ணிய எறக்குங்க. ஊத்தச் சுத்தி மணல், அதுக்கு மேல ஜல்லி, அதுக்கு மேல கல்லு. தண்ணி போவட்டும், மண்ணு போவக் கூடாது."

"யாரும்மா எழுதினது?"

"உங்க ஆபீஸு."

"இது ஜெராக்ஸ். நான் கோட்டத்துக்கு ஃபோன் பண்ணிக் கேட்டுட்டேன். அப்படி ஒரு ஃபைலே இல்லங்கிறாங்க. ரெண்டாம் மதகு வயல் பக்கம் இருக்கு. அதைத் திறந்தா முந்நூறு ஏக்கர் நடவு முழுகும். ஒரு ஜெராக்ஸை நம்பி நான் திறந்தா நாளைக்கு என்னைத் தூக்கி உள்ள வைப்பாங்க."

அந்த ஆளைக் குற்றம் சொல்ல முடியாது. முறைப்படிதான் பேசினார்.

நான் கூட்டத்தின் பின்னால் நின்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் நான் எதையும் சொன்னவன் இல்லை. அப்போது மனுதாரர் என்னைப் பார்த்துவிட்டார். சேற்றில் சளக் சளக்கென்று நடந்து நேராக என் முன்னால் வந்து காகிதத்தை நீட்டினார். ஜெராக்ஸ் இல்லை. பிளாஸ்டிக் உறையில் போட்ட அந்தப் பழைய நகல், எங்கள் ஆபீஸ் முத்திரையோடு.

"இது உங்க ஆபீஸ் காகிதமா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க சார். வேற ஒண்ணும் கேக்கல."

கையில் வாங்கினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். படித்தேன். முப்பத்துநாலு வருஷத்தில் நான் படித்த முதல் காகிதம் அதுதான்.

மூன்றாம் மதகின் அடியில் பழைய பனங்கட்டை மக்கிக் கரைக்குள் பொந்து விழுந்திருக்கிறது. எட்டடிக்கு மேல் நீர் நிறுத்தக் கூடாது. கசிவு தெளிவாக இருக்கும்வரை பயமில்லை. மண்ணோடு வந்தால் ஆறு மணி நேரத்துக்கு மேல் கரை தாங்காது. கசிவு முதலில் வெளிப்படும் இடம் ரெண்டு. ஒன்று, பள்ளிச் சமையலறையின் பின்புறம். மற்றது, மதகுக்குத் தெற்கே நாற்பது அடி, கரையின் காலடியில். அங்கே வீடு கட்ட எக்காரணம் கொண்டும் அனுமதிக்கக் கூடாது.

நாற்பது அடி தெற்கே. என் கொல்லைப் படி.

முகிலன் என்னைப் பார்க்கிறார். மூட்டை சுமந்தவன்கள் பார்க்கிறான்கள். காலுக்கடியில் தரை மெத்தை மாதிரி அமுங்கியது. சமையலறைக் கூரையிலிருந்து ஓர் ஓடு நழுவி விழுந்தது.

"அனுப்புகை எண் என் கையெழுத்து" என்றேன். "கோப்பு இருந்தது. நான்தான் வருஷம் மாத்தி வெச்சேன். அப்புறம் அழிச்சுட்டாங்க."

"எழுதித் தருவீங்களா?" என்றார் முகிலன். ஜீப்பிலிருந்து ஒரு தாளை உருவினார்.

ஜீப்பின் முன்மூடி மேலே தாளை வைத்து எழுதிக் கொடுத்தேன். தேதி, நேரம் போட்டு, பென்ஷன் எண்ணும் போட்டேன். தமிழ் பிழையில்லாமல் எழுதுவேன். கேட்டார்கள், பதில் சொன்னேன். அதற்குத்தானே சட்டம்?

ரெண்டாம் மதகைத் திறந்தார்கள். துருப்பிடித்த திருகை எட்டுப் பேர் தொங்கித் திருப்ப வேண்டியிருந்தது. வீடு கட்டுகிறவர்கள் தெருவில் கொட்டி வைத்திருந்த மணலையும் ஜல்லியையும் ஊரே கூடை கூடையாக அள்ளி வந்தது. மனுதாரர் காகிதத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். எத்தனை அங்குலம் மணல், எத்தனை அங்குலம் ஜல்லி. ஒருத்தன் அவசரப்பட்டுக் கல்லை முதலில் போட்டான். "டேய், ரசத்துக்கு முன்னால மோரு ஊத்துறவனே, எடுடா அத!" என்று கத்தினார். அந்த நிலையிலும் நாலு பேர் சிரித்தார்கள். ஒரு மணிக்குச் சமையலறைச் சுவர் விழுந்தது. உள்ளே யாரும் இல்லை. அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை போயிற்று. வேறு நாளாக இருந்தால் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் அந்தச் சுவரோரம் தட்டோடு உட்கார்ந்திருக்கும் நேரம் அது.

பொழுது சாய்வதற்குள் தண்ணீர் தெளிந்தது. கரை நின்றது.

என் வீடு நடுவில் பிளந்துவிட்டது. அதனால்தான் இந்த வாடகை வீடு. மேட்டில் பார்த்துப் பிடித்தேன். பென்ஷனை ஏன் நிறுத்தக் கூடாது என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. விசாரணை நடக்கிறது. முறைப்படி செய்ததற்கு விசாரணை. முகிலனை எங்கோ மாற்றிவிட்டார்கள். பேப்பரில் என்ன போட்டான் தெரியுமா? அதிகாரிகளின் துரித நடவடிக்கையால் ஏரிக் கரை தப்பியது. எந்த அதிகாரி? ஃபோனில் ஃபைலே இல்லை என்றானே, அவனா?

சரி. இப்போது உங்கள் கதை. உங்கள் ஏரி எது என்றீர்கள்?

கூத்தவேடு.

ம்.

இல்லை, ஞாபகம் இல்லை. நாற்பத்தோரு ஏரி, எதை என்று ஞாபகம் வைப்பது? சித்தன்கரணை ஒன்றுதானா என்றால், அது அலுவலக விஷயம். உங்களுக்கு எதற்கு?

இருங்கள். எழுந்திருக்காதீர்கள். இப்போது எத்தனை அடி நிற்கிறது அங்கே? ஒன்பதா? மழை இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே. உங்கள் வீடு கரைக்கு எந்தப் பக்கம்? கீழேயா. எத்தனை பிள்ளைகள்?

கிணற்றுத் தண்ணீர் என்ன நிறம்?

பேனா இருக்கிறதா? எழுதிக்கொள்ளுங்கள். கோப்பைக் கேட்டு மறுபடி மனு போடாதீர்கள். அது கிடைக்காது. பத்து வருஷக் கட்டு, பயணப்படிப் பட்டியலோடு போய்விட்டது. ஆமாம், ஞாபகம் இருக்கிறது. எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அனுப்புகைப் பதிவேட்டைப் பார்வையிட வேண்டும் என்று மனு போடுங்கள். நிரந்தரக் கட்டு, அழிக்க முடியாது. பார்க்க நீங்கள் தனியாகப் போகாதீர்கள், உங்களுக்கு எதைத் தேடுவது என்று தெரியாது. கூட ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் ஊருக்குப் போய்ப் பள்ளிக்கூடத்தில் கேளுங்கள். புதுச் சமையலறை கட்டியிருக்கிறார்கள், மத்தியானம் வரை மனுதாரர் அங்கேதான் இருப்பார். நான் அனுப்பினேன் என்று சொல்ல வேண்டாம். சொன்னாலும் வருவார்.

அந்தக் கரையைக் காப்பாற்றியது நான் இல்லை. முகிலனும் இல்லை. பேப்பரில் போட்ட அதிகாரி எவனும் இல்லை.

பெயரா? ரெண்டு வருஷம் அந்தப் பெயருக்கு உறை எழுதியவன் நான். தலைப்பெழுத்தோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ர. நாகபூஷணம்.